முடி இறக்காத தலை

1

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே மலாய் நாட்டுக் கெடாவில், மெர்கோங்கில் எங்கள் வரிசைக் கடைசி வீட்டில் ஒரு விசேஷம். குணசேகரன் தன் மகனுக்கு முதல் சோறு ஊட்டினான். பிள்ளை நல்ல கொழுகொழு பிள்ளை. பட்டுத் துண்டு கட்டி, பொட்டு வைத்து, தாய்மாமன் மடியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். வலது கண் நம்மைப் பார்க்கிறது. இடது கண்ணின் இமை மட்டும் பாதி இறங்கிக் கிடக்கிறது, கடை அடைக்கப் போகிறவன் ஒரு பலகையை மட்டும் முதலில் போட்டு வைத்த மாதிரி.

"மாப்பிள்ளைக்குத் தூக்கம் வருது" என்றாள் ஒருத்தி. "அரைக்கண் மூடின பிள்ளை அதிர்ஷ்டத்தோட பொறந்த பிள்ளை" என்றாள் இன்னொருத்தி. நம் ஆட்கள் வாயில் எதற்கும் ஒரு பழமொழி உண்டு. எனக்கும் பழமொழி என்றால் உயிர். யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் வீட்டுக்கு வரும்வரை வாயில் போட்டு மென்றுகொண்டே வருவேன். ஆனால் அன்றைக்குக் கேட்ட பழமொழியை நான் மெல்லவில்லை.

"கண்ணை டாக்டரிடம் காட்டினாயா?" என்று குணசேகரனைக் கேட்டேன்.

"காட்டினோம் மாமா. கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ஆப்பரேஷன் செய்யணும்னு சொல்வாங்களாம். முடி எறக்காத தலையில எப்படி மாமா கத்தி வைக்கிறது? அடுத்த வருஷம் கப்பல்ல ஊருக்குப் போறோம். குலசாமிக்கு மொட்டை போட்டுட்டு வந்து பாத்துக்கலாம் லா."

"எந்தக் கப்பல்?" என்றேன்.

சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகன் என் முழங்கையைப் பிடித்தான். "அப்பா, வேணாம், ஜாங்கான் லா. விசேஷ வீட்டுல போயி..." என்றான். பக்கத்தில் இருந்த பேரன், "தாத்தா மாரா கா?" என்று அவன் அப்பாவைக் கேட்டான். தாத்தாவுக்குக் கோபமா என்று கேட்கிறான். கோபம் என்கிற தமிழ்ச்சொல் அவனிடம் இல்லை. மலாய்ச்சொல்தான் இருக்கிறது.

கோபம் இல்லையடா கண்ணு. அது வேறு. அதற்கு எனக்கும் சொல் தெரியவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். உங்களுக்குக் குலசாமி பக்கத்தில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மனசு வைத்தால் வண்டியைக் கட்டிக்கொண்டு போய், கிடா வெட்டி, முடி இறக்கி, சாயங்காலம் வீடு திரும்பிவிடுவீர்கள். நாங்கள் மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியபோது சட்டி பானையைக் கொண்டுவந்தோம், அம்மியைக்கூட ஒருவன் தூக்கி வந்தான். மாரியம்மனையும் முனியாண்டியையும் கூட்டி வந்து பால்மரத்தடியில் குடி வைத்தோம். குலசாமியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அது பிறந்த மண்ணை விட்டு நகராதாம். ஆக, பிள்ளை இந்தக் கரையில், அதன் தலைமுடி அந்தக் கரைக்குக் கடன். நடுவில் கடல்.

என் தங்கை முத்தாயியைச் சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பழனிமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். எனக்கு அப்போது பீடோங்கில் ஒரு சின்ன மளிகைக் கடை. பள்ளிக்கூடப் பக்கம் போனவன் இல்லை நான். சாமான் மடிக்க வரும் பழைய தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் என் நடை அங்கங்கே கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம் முத்தாயிக்குப் பெண் பிறந்தது. அஞ்சலை. அவளுக்கும் இடது இமைதான் இறங்கியிருந்தது. குணசேகரன் மகனுக்காவது பாதிக்கண் தெரிகிறது. இவளுக்குக் கருமணி முழுதும் மூடிக் கிடந்தது. எதையாவது பார்க்க வேண்டும் என்றால் முகவாயைத் தூக்கி, புருவத்தை நெற்றிவரைக்கும் ஏற்றி, தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். நாங்கள் "தொரைசாணி வர்றா" என்று சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

தோட்டத்து மருந்துக்கூட டிரஸ்ஸர் சொல்லி, டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் அஞ்சலையின் புருவத்தைத் தன் கட்டைவிரலால் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தை அவள் தலைக்கு மேலே ஆட்டினார். நல்ல கண் மேலே போனது. கெட்ட இமை இம்மியும் அசையவில்லை. டிரஸ்ஸர்தான் எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

இமையைத் தூக்குவதற்கு என்று உள்ளே ஒரு தசை இருக்கிறதாம். சில பிள்ளைகளுக்கு அது பிறக்கும்போதே சோனியாக இருக்கும். கொஞ்சமாவது உயிர் இருந்தால் அதை வெட்டிக் குட்டையாக்கித் தைத்துவிடலாம், தொய்ந்த கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டுகிற மாதிரி. உயிரே இல்லை என்றால் வேறு வழி. தொடையில் தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் பட்டையில் ஒரு கீற்று எடுத்து, இமையைப் புருவத்தோடு சேர்த்துத் தொங்கவிட வேண்டும். அப்புறம் பிள்ளை புருவத்தைத் தூக்கினால் இமையும் கூட வரும். அஞ்சலைக்கு இரண்டாவது வழிதான். ஆனால் சின்னப் பிள்ளை, தொடை போதாது. மூன்று நாலு வயசு ஆகட்டும். அதுவரை சும்மா விடக்கூடாது. பட்டு நூலால் தற்காலிகமாகத் தூக்கிக் கட்டி வைக்கலாம், அதை இப்போதே செய்ய வேண்டும்.

"கருமணி மறைஞ்சிருக்கு. மறைஞ்ச கண்ணு பார்க்கக் கத்துக்காது. அதுதான் அவசரம்கிறார்" என்றார் டிரஸ்ஸர்.

பழனிமுத்து நல்ல மனுஷன். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். மகள் மேல் உயிர். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையைப் பிசைந்தான்.

"சாமிக்குச் சொன்ன தலை மச்சான். முசிறியில எங்க பெரியாண்டவருக்கு நேந்து பெத்த பிள்ளை. முடி எறக்காம கத்தி பட்டா குத்தமாயிரும்."

"கண்ணைத்தானேப்பா அறுக்கப் போறாங்க. தலையையா?"

"கண்ணு பின்ன கால்லயா இருக்கு?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். டிரஸ்ஸரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்து போனது. தையில் கப்பல் ஏறுவது, முடி இறக்கிக் காது குத்துவது, திரும்பி வந்த மறுநாளே ஆஸ்பத்திரி. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று முத்தாயி சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான், எனக்குப் புது வேட்டி எடுப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு ஜப்பான்காரன் கெடாவுக்குள் வந்துவிட்டான்.

3

அந்தக் காலத்தைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். அரிசி போனது, துணி போனது, நான் கடையைச் சாத்திவிட்டு வாசலில் மரவள்ளி நட்டேன். வெள்ளைக்கார டாக்டர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கப்பல் என்கிற பேச்சையே எடுக்க முடியாது. அஞ்சலையின் முடி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. பேன் பிடித்தது, சிக்குப் பிடித்தது, பின்னிக் கட்டினால் இடுப்புக்கு வந்தது. முத்தாயி எண்ணெய் இல்லாமல் அதை வாரும்போதெல்லாம் பிள்ளை அலறும். "சாமி முடிடீ, பொறுத்துக்கோ" என்பாள்.

அப்புறம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பழனிமுத்துவின் பெயரும் வந்தது. லாரி வருகிற அன்றைக்குக் காலையில் நான் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போயிருந்தேன். அவன் வாசலில் குந்தி, அஞ்சலையின் சடையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நான் திரும்பி வர்றதுக்குத் தாமசம் ஆகும்போல இருக்கு. நீயே மடியில வெச்சு எறக்கிடு. டாக்டர் யாராவது இருந்தா பாரு."

"குத்தம்னு சொன்னியேப்பா?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்கட்டும். பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அந்தச் சொல்லை அந்த வெள்ளைக்கார டாக்டர் இருந்த நாளிலேயே சொல்லியிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஆனால் அந்த மனுஷனைக் குறை சொல்ல மனசு வராது. தன் சாமியையே பகைத்துக்கொண்டு போனவன் அவன். போனவன் போனவன்தான். சயாமில் எந்த மரத்தடியில் கிடந்தான் என்று சொல்லக்கூட ஆள் திரும்பவில்லை.

தகவல் வரும் என்று சில மாதம் பார்த்துவிட்டு முத்தாயி, "எறக்கிடலாம் அண்ணே" என்றாள். பீடோங் நாவிதர் இறக்கினார். அஞ்சலை என் மடியில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். முடியை மஞ்சள் துணியில் முடிந்து, சைக்கிளில் தஞ்சோங் டாவாய்க்குக் கொண்டுபோனோம். மெர்போக் ஆறு அங்கேதான் கடலில் விழுகிறது. அந்தக் கடல் எப்படியும் நம் ஊர்க் கரையைத் தொடாமலா போகும் என்பது முத்தாயியின் கணக்கு. அவள் முட்டளவு தண்ணீரில் இறங்கி முடிச்சைப் போடப் போனபோது, வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் ஓடிவந்து தடுத்தார். இங்கே போட்டால் கடல் ஏற்றத்தில் திரும்பி வந்துவிடும், என்ன அது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் முடிச்சை இரண்டு கையாலும் வாங்கி, படகில் ஏறி, முகத்துவாரத்தைத் தாண்டித் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். மொட்டைத்தலை அஞ்சலை புருவத்தைத் தூக்கி, தலையைச் சாய்த்து, அந்தப் படகையே பார்த்துக்கொண்டு நின்றாள். முத்தாயி கரையில் நின்று கும்பிட்டாள்.

சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர் மிச்சம் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையைச் சன்னலோரம் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார்.

"செய்யிற வேலை எனக்குத் தெரியும். ஆனா என்ர கையில நூலும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. இது கண் வைத்தியம் படிச்ச ஆள் தொட வேண்டிய இடம். பினாங்கில ஒருத்தர் இருக்கிறார். கொண்டு போங்கோ" என்றார்.

கொண்டு போகலாம் என்றால், அதற்குள் கெடாவை ஜப்பான்காரன் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். நேற்றுவரை பக்கத்து வீடாக இருந்த பினாங்கு வேறு ராஜ்யம் ஆகிவிட்டது. போக பாஸ் வேண்டும். பாஸ் ஆபீசில் பலகை சயாம் எழுத்தில், உள்ளே அதே பழைய கிராணிக் குமாஸ்தாதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்த வம்சம்.

"என்ன வியாதி?" என்றார்.

"பிறவியிலேயே இமை இறங்கியிருக்குங்க."

"பிறவியில வந்ததுன்னா வியாதி இல்லையே. நோயாளிக்குத்தான் பாஸ்."

"கண்ணு தெரியாமப் போயிரும்னு டாக்டர் சொல்றாருங்க."

"போன பிறகு வா. அப்ப நோயாளி" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் என்று நினைத்தார் அந்த மனுஷன். மறுபடியும் போனோம், அதே பதில். அதற்கப்புறமும் போனோம்.

டாக்டர் வேறு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார். இமையைத் துணிக்கீற்றால் தூக்கிப் புருவத்தில் ஒட்டி, நல்ல கண்ணைத் தினம் கொஞ்சநேரம் கட்டி வைக்க வேண்டும். வேறு வழி இல்லை என்றால்தான் கெட்ட கண் வேலை செய்யுமாம். பிளாஸ்திரி ஏது அப்போது? மரவள்ளி மாவில் பசை காய்ச்சி ஒட்டினோம். இமை மூடாத கண் காய்ந்துவிடாமல் அடிக்கடி எடுத்துவிட்டு ஒட்டினோம். நல்ல கண்ணைக் கட்டியதும் அஞ்சலை சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள், வாளியில் இடறினாள், அழுதாள்.

"நல்ல கண்ணைக் கட்டிட்டு நொள்ளைக் கண்ணைத் திறந்து விடுறா! உலகத்துல எங்கயாவது உண்டா?" என்று லயமே முத்தாயியைத் திட்டியது. அவள் விடியுமுன் வேலைக்குப் போக வேண்டும், திரும்பி வந்து கிழங்கு பிடுங்க வேண்டும். வாசலில் சாக்கடைக் கான் ஓடுகிறது, பின்னால் பாம்பு. கண்கட்டிய பிள்ளையைத் தனியே விட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? கட்டை அவிழ்த்துவிட்டுப் போனாள். நான் சைக்கிளில் வருவது தெரிந்தால் அவசரமாகக் கட்டுவாள். எனக்குத் தெரியும். பசித்த வீட்டில் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

4

குணசேகரன் இப்போது என்னோடு பேசுவதில்லை. விசேஷ வீட்டில் அபசகுனமாகக் கத்திய கிழவன் என்று எண்ணுகிறான். அவன் மனைவிதான் செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள்.

"மாமா, நீங்க ஏன் அப்படிக் கேட்டீங்க?"

அஞ்சலையைப் பற்றிச் சொன்னேன். மேலே எழுதியிருக்கிற அளவுக்குத்தான் சொன்னேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட வர முடியுமா என்று கேட்டாள். போனோம். ஒரு சன்னலில் அட்டை, இன்னொரு சன்னலில் முத்திரை, பிள்ளையின் பெயரை மலாயில் எழுதியவன் ஒரு எழுத்தை விட்டுவிட்டான் என்று மறுபடியும் முதல் சன்னல். நான் பொறுமையாக நின்றேன். சன்னலுக்குப் பின்னால் டாக்டர் இருக்கிறார் என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

சின்ன வயசு டாக்டர், தமிழ்ப் பெண், தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறி வருகிறது. அவளும் அதே மாதிரி புருவத்தை விரலால் அழுத்தித்தான் பார்த்தாள். வழிகளும் அதேதான் என்றாள். இந்தப் பிள்ளைக்குத் தசையில் கொஞ்சம் பலம் இருக்கிறது, குட்டையாக்கித் தைத்தால் போதும் என்று நினைக்கிறாளாம். கருமணி முழுக்க மறையாததால் கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்யலாம், ஆனால் அதுவரை சொன்ன நாளில் எல்லாம் வந்து பார்வையைச் சோதிக்க வேண்டும், பார்வை பின்தங்குகிறது என்று தெரிந்தால் காத்திருக்க முடியாது. செய்த பிறகும் இரண்டு கண்ணும் அச்சு எடுத்த மாதிரி இருக்காது, தூங்கும்போது கண் கொஞ்சம் திறந்தே இருக்கலாம், சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டி வரும் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"மொட்டை?" என்று குணசேகரன் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"முடிய நாங்க தொட மாட்டோம் லா அக்கா" என்று டாக்டர் சிரித்தாள்.

அந்தப் பதிலை என் மாப்பிள்ளை பழனிமுத்துவுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் யாராவது சொல்லியிருக்கலாம். கண் இமைக்கும் தலைமுடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. சாமிகூட அவ்வளவு கறார் பண்ணியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. கடல் தாண்டி வந்தவனுக்குத்தான் பயம் அதிகம். ஊரில் இருப்பவன் சாமியோடு சண்டைகூடப் போடுவான், மறுநாள் சமாதானம் ஆகிவிடுவான். எங்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை விட்டுப் போயிற்று. அதனால் எதையும் மாற்றத் துணிச்சல் வராமல், கொண்டுவந்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

5

சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது அஞ்சலை பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்து டாக்டரே கடிதம் கொடுத்துப் பினாங்குக்கு அனுப்பினார். படகில் கடக்கும்போது எங்களிடம் யாரும் பாஸ் கேட்கவில்லை. முத்தாயி அதையே ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

அறுவை செய்த டாக்டர், ஆரம்பத்திலேயே நர்சை வைத்து எங்களுக்குச் சொன்னார். "இமையை நான் தூக்கிவிடுவேன். கண் எவ்வளவு பார்க்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது." முத்தாயி முதல் வாக்கியத்துக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். இரண்டாவது வாக்கியத்துக்கு அவள் கை கும்பிட்டபடியே இருந்தது.

தொடையில் கீற்று எடுத்தார்கள். அஞ்சலை, "கண்ணு வலிக்குதுன்னு வந்தா காலை அறுத்துட்டாங்க மாமா" என்று படுக்கையில் கிடந்தபடி என்னிடம் கோள் சொன்னாள். கட்டுப் பிரித்த அன்றைக்கு வார்டில் இருந்த நோயாளிகள்கூட எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். வீக்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் இமை மேலே இருந்தது. முகவாயைத் தூக்காமல், தலையைச் சாய்க்காமல், நேராக எங்களைப் பார்த்தாள் பிள்ளை. பழனிமுத்துவின் முகம் அப்படியே அச்சாக வந்து உட்கார்ந்திருந்தது. அதுவரைக்கும் எங்களுக்கு அது தெரியாது.

முத்தாயி மடியில் இருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்தாள். இந்த நாளுக்காகத் தோட்டத்தில் யாரிடமோ இரவல் வாங்கி வந்திருக்கிறாள். அஞ்சலை அதில் தன்னைப் பார்த்தாள், நாக்கை நீட்டினாள், புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், "ரெண்டு கண்ணும் இருக்கு!" என்று சத்தம் போட்டாள். வார்டே சிரித்தது.

டாக்டர் குனிந்து தன் உள்ளங்கையால் அவளுடைய நல்ல கண்ணை மூடினார். "இப்போது பார்" என்றார்.

நர்சு அதைத் தமிழில் சொன்னாள். அஞ்சலை கண்ணாடியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், திருப்பிப் பிடித்தாள்.

"மாமா, இதுல நான் இல்லையே" என்றாள்.

டாக்டர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். முத்தாயி மகள் கையில் இருந்து கண்ணாடியை வாங்கி, வாயால் ஊதி, முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு, "இப்ப பாரு" என்று மறுபடியும் நீட்டினாள்.